மாணாக்கரும் மட்டான வாழ்க்கையும்

(சென்னையிலுள்ள நமது சங்க மாணவர் விடுதியில், இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த மாணாக்கர்களின்பொருட்டுக் கூட்டப்பெற்ற சபையில் செய்த உபந்நியாசம்)

  

இன்று நாம் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் குறித்தனுப்பிய விஷயம், "இயற்கையைக் கெடுக்காத நித்திய வழக்கங்கள்" என்பதாகும். கடிதத்தைப் படித்தவுடன் நமக்குச் சிறிது தயக்கம் உண்டாயிற்று. ஏனெனில், வயது முதிர்ந்த ஒருவர் மேடைமீது ஏறிநின்று வாலிபர்களை நோக்கி, "விளக்கை அணையுங்கள், தண்ணீரைக் கொட்டாதீர்கள், சோற்றை இறைக்காதீர்கள்" என்று தொடங்குவாராயின், கேட்போர் மனத்தில், "இதைத்தானே வீட்டில் அப்பா நாள்தோறும் சொல்லுகிறார், அதற்குத் தப்பியல்லவோ விடுதிக்கு வந்தோம்!" என்னும் எண்ணமே எழும். இதே மண்டபத்தில், இதே பெஞ்சுகளில் உட்கார்ந்து பல உபந்நியாசங்களைக் கேட்ட காலத்தில் நமக்கும் அவ்வெண்ணம் எழுந்ததுண்டு. ஆகையால் புத்திமதி கூறுதலைக் கூடியமட்டும் விலக்கி, நாம் கண்டதையும், கணக்கிட்டுப் பார்த்ததையும், நாமே தவறியதையும் உங்கள்முன் வைக்க விரும்புகின்றோம்.

நமது பாட்டன் பாட்டிமார் வாழ்ந்த வகையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். வேஷ்டி கிழிந்தால் துண்டாயிற்று; துண்டு கிழிந்தால் அடுப்பங்கரையிற் பிடிதுணியாயிற்று; அதுவும் நைந்துபோனால் விளக்குத் திரியாயிற்று. அரிசி களைந்த கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. குளித்த நீர் வாழைப்பாத்திக்குப் போயிற்று. கடைக்குச் செல்வோர் கையில் துணிப்பையும், எண்ணெய்க்கு ஒரு தூக்கும் இருந்தன. இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, "நம் முன்னோர் எத்துணை தீர்க்கதரிசிகள்!" என்று மார்தட்டிப் பேசுவோர் பலர் உளர். நாம் அவ்வாறு பேசத் துணியோம். அவர்களுட் பெரும்பாலார் அங்ஙனம் வாழ்ந்தது வேறு வழியில்லாமையாலேயாம். உண்மை அதுவே. கையில் நாலு காசு சேர்ந்தபொழுதே அவ்வழக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தனர். துணிப்பை தரித்திரத்தின் அடையாளமாயிற்று. தைத்த சட்டை வெட்கத்திற்குரியதாயிற்று. இலையில் மிச்சம் வைத்தெழுதல் செல்வத்திற்கு லட்சணமாயிற்று. நமது சமூகத்தில் முதன்முதல் உத்தியோகம் பெற்றுப் பட்டணத்திற்கு வந்த குடும்பங்களில் இம்மாறுதலை நாம் கண்கூடாகப் பார்த்திருக்கின்றோம். நமது சொந்த வீடும் அதற்கு விலக்கன்று.

இந்த இடத்திலேதான் உங்களைப்பற்றி நமக்குக் கவலை உண்டாகின்றது. உங்களில் அநேகர் உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். இன்று உங்களிடம் வீண்செலவு இல்லை; செலவிடப் பணம் இல்லாமையே அதற்குக் காரணம். இன்னும் நாலைந்து ஆண்டுகளில் உத்தியோகம் கிடைக்கும், சம்பளம் வரும். வறுமையினால் வந்த சிக்கனம் வறுமை நீங்கியவுடன் தானும் நீங்கிவிடும். அறிந்து தேர்ந்துகொண்ட சிக்கனமொன்றே சம்பளம் வந்தபின்னும் நிற்கும். நீங்கள் இவ்விடுதியிற் கழிக்கப்போகும் மூன்று அல்லது நான்கு வருஷங்கள் இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கின்றன. இக்காலத்தில் கை பழகியதே பின்னர்ப் பழகும் என்பது நமது அநுபவம்.

நிற்க. 2019-ஆம் ஆண்டுக் கோடையை உங்களிற் சிலர் சிறுவர்களாயிருந்தபோது கேள்விப்பட்டிருக்கலாம். சென்னைக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஏறக்குறைய முற்றிலும் வற்றிப்போயின. நாலு வருஷத்திற்கு முன், 2015 டிசம்பரில், இதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியதென்பதை இதனோடு சேர்த்து எண்ணவேண்டும். 2019 ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்துசேர்ந்தது. கப்பலேறி வந்த சரக்கைப் பார்ப்பதுபோல ஜனங்கள் அந்த ரயிலைப் பார்த்தனர்.

அக்கோடையில் நாம் இவ்விடுதியின் நிர்வாக சபையில் இருந்தோம். பின்புறத்துக் கிணற்றில் வாளி தரையைத் தட்டிற்று. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு மூன்று வாளி என்று கணக்கிட்டுக் கொடுத்தோம். குளிப்பதற்கு ஒன்று; துணிக்கும் பாத்திரத்திற்கும் ஒன்று; மற்றவற்றிற்கு ஒன்று. டாங்கர் லாரி எப்பொழுது வருமென்று இரவில் விழித்திருந்த மாணாக்கர்களை நாம் அறிவோம். அவ்வளவு துன்பத்திலும் ஒரு வியப்பைக் கண்டோம். மூன்று வாளிக்குள் எல்லோரும் வாழ்ந்தனர். ஒருவரும் அழுக்காக இருக்கவில்லை. பரீட்சையிலும் ஒருவரும் குறையவில்லை. துணி அலசிய நீரைக் கழிப்பறைக்கு எடுத்துச்செல்ல ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவர்களே செய்தனர்.

பின்னர் மழை வந்தது. கிணறு நிறைந்தது. அடுத்த மாதமே குழாய்கள் முன்போல ஓடத்தொடங்கின. பல்விளக்கும்போது திறந்துவிட்ட குழாயை முகங்கழுவி முடிக்கும்வரை மூடுவாரில்லை. மூன்று வாளியில் வாழ்ந்த அதே மாணாக்கர்களே இவர்கள். இதனை ஒரு குற்றமாகச் சொல்ல நாம் வரவில்லை. இப்பொழுது நாம் ஆராயவேண்டிய கேள்வி இதுதான்: அறுபது நாள் அநுசரித்த ஒரு வழக்கம், அவசியம் நீங்கியவுடன் ஒரே வாரத்தில் ஏன் மறைந்தது?

மனோதத்துவ நூலார் வழக்கத்தைப்பற்றி நெடுங்காலமாக ஆராய்ந்துவருகின்றனர். அமெரிக்க தேசத்து வில்லியம் ஜேம்ஸ் என்னும் பேராசிரியர் 1890-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலில் வழக்கத்திற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். நமது காலத்தில் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்னும் அம்மையாரும் அவர் கூட்டத்தாரும் 96 பேரைக்கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2010-ஆம் ஆண்டில் அதன் பலனைப் பிரசுரித்தனர். ஒவ்வொருவரும் உணவு, பானம், தேகாப்பியாசம் ஆகியவற்றில் ஒரு சிறு செய்கையைத் தேர்ந்து, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில், உதாரணமாகக் காலை ஆகாரத்திற்குப் பின், அதனைச் செய்துவந்தனர். அச்செய்கை நினையாமலே நடைபெறும் நிலையை அடைவதற்குச் சராசரி 66 நாள் ஆயிற்று. ஆயினும் ஒருவருக்கு 18 நாளே போதியதாயிற்று. மற்றொருவருக்கு 254 நாள் வேண்டுமென்று கணக்காயிற்று. இடையில் ஒரு நாள் தவறினால் வழக்கம் கெட்டுப்போகவில்லை என்பதையும் அவர்கள் கண்டனர். மாணாக்கர்கள் இதனை முக்கியமாக மனத்திற் கொள்ளவேண்டும். ஒரு நாள் தவறியவுடன், "நமக்கு இது வராது" என்று முழுவதையும் கைவிடுதலே வாலிபர்களின் இயல்பாயிருக்கின்றது.

இவ்வாராய்ச்சியைக்கொண்டு பார்க்குமிடத்து நமது விடுதியில் நடந்தது தெளிவாகின்றது. 2019-இல் மாணாக்கர்களை நடத்தியது வழக்கமன்று. வெற்று வாளியே நடத்திற்று. வாளி நிறைந்தவுடன் நடத்துவோன் போய்விட்டான். வழக்கம் என்பது இடத்தையும் வேளையையும் பற்றிக்கொண்டு நிற்பது.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்விடுதியில் இருந்த ஒரு மாணாக்கரின் கதையைச் சொல்லுகின்றோம். பெயர் வேண்டா, அவர் இப்பொழுது நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார், இதைப் படித்தால் சிரிப்பார். பூமியின் வெப்பம் பெருகிவருவதைப்பற்றிக் கல்லூரியில் ஒரு பிரசங்கம் கேட்டுவிட்டு வந்த அன்றிரவே, பதினொரு தீர்மானங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். பிளாஸ்டிக்கைத் தொடுவதில்லை, மோட்டார் சைக்கிளில் ஏறுவதில்லை, மின்விசிறி போடுவதில்லை, இன்னும் என்னவெல்லாமோ. மறுநாள் கடைத்தெருவிற்குச் சென்று மூங்கிற் பல்துலக்கி, எஃகுக் குழல், புதிய எவர்சில்வர் டப்பாக்கள், "பூமியைக் காப்போம்" என்று அச்சிட்ட ஒரு பனியன் ஆகியவற்றை வாங்கிவந்தார். வீட்டிலிருந்து அவ்வம்மாதச் செலவிற்கு வந்த பணத்தில் பாதி அதற்கே சரியாயிற்று. நாலாம் நாள் மின்விசிறி சுழன்றது. பத்தாம் நாள் தாள் கிழிந்தது. "ஐயா, நான் மனவுறுதி இல்லாதவன்" என்று நம்மிடம் வந்து வருந்தினார்.

நாம் அவரை நோக்கி, "தம்பி, உமக்கு மனவுறுதி குறைவில்லை, பட்டியல் நீளம் அதிகம். பதினொன்றில் ஒன்றைமட்டும் எடுத்துக்கொள்ளும். அதுவும் ஏற்கெனவே தினமும் நீர் தவறாமற் செய்யும் ஒரு காரியத்தோடு சேர்த்து முடிச்சுப்போடும்" என்று சொன்னோம். அவர் யோசித்து, அறைக்கதவைப் பூட்டுவதைத் தேர்ந்தெடுத்தார். பூட்டைக் கையில் எடுக்குமுன் வலக்கை ஸ்விட்சுப் பலகைக்குப் போகவேண்டும், அவ்வளவே. முதல் வாரத்தில் படியிறங்கிப் பாதிவழி சென்றபின் நினைவுவந்து திரும்ப ஏறினாராம். மூன்று மாதம் சென்றபின், தாம் அணைத்தோமா இல்லையா என்பதே தமக்கு நினைவில்லை என்றும், போய்ப் பார்த்தால் அணைந்தேயிருக்கிறது என்றும் சொன்னார். அதன்பின்னரே இரண்டாவது வழக்கத்தைத் தொட்டார். படிப்பு முடித்து வெளியேறும்போது அவரிடம் நாலு வழக்கங்கள் இருந்தன. பதினொன்றில் நாலு! ஆயினும் அந்நான்கும் இன்றுவரை அவரோடு இருக்கின்றன.

"ஓர் அறை விசிறியால் உலகம் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பீர்களானால் கணக்கிட்டுப் பார்ப்போம். சாதாரண மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். நீங்கள் கல்லூரியில் இருக்கும் எட்டு மணி நேரமும் அது வெற்றறையில் சுழலுமாயின் 600 வாட்-மணி, அஃதாவது ஒரு யூனிட்டில் பத்தில் ஆறு பங்கு, செலவாகும். இருபது அறைகளில் அவ்வாறாயின் நாளொன்றுக்கு 12 யூனிட். மாதத்தில் இருபத்தைந்து கல்லூரி நாட்களுக்கு 300 யூனிட். நமது தேசத்தில் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்தே உண்டாக்கப்படுவதால், யூனிட் ஒன்றிற்குச் சராசரி சுமார் 0.7 கிலோ கரியமிலவாயு காற்றிற் கலக்கின்றது. எனவே, ஒருவருக்கும் காற்று வீசாத விசிறிகள் மாதந்தோறும் இருநூறு கிலோவுக்குமேல் அவ்வாயுவை ஆகாயத்தில் ஏற்றுகின்றன.

குழாய்க் கணக்கு இதனினும் வேடிக்கையானது. விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு ஏறக்குறைய முப்பது லிட்டரை வீணாக்கும். இங்கே வருமுன் மாடிக்கும் கீழுக்கும் நடந்து எண்ணினோம். ஏழு குழாய்கள் ஒழுகுகின்றன. ஆண்டொன்றிற்கு 76,000 லிட்டருக்கு மேலாயிற்று. 12,000 லிட்டர் கொள்ளும் டாங்கர் லாரிகள் ஆறு வந்து, வாசலில் நின்று, சாக்கடையில் திறந்துவிட்டுப் போவதற்கு இது சமானம். லாரிக்காரர் அவ்வாறு செய்தால் சும்மா விடுவோமா? சொட்டுச் சொட்டாகப் போவதாலன்றோ பார்த்துக்கொண்டிருக்கின்றோம்! இவ்வேழிற்கும் வேண்டியது சில ரூபாய் விலையுள்ள ஒரு ரப்பர் வாஷர்.

இங்கே ஒரு கேள்வி எழும், எழவேண்டும். சென்ற ஆண்டு ஒரு மாணாக்கர் எழுந்து அதனைத் தைரியமாகக் கேட்டார். "ஐயா, இந்தியன் ஒருவன் ஆண்டிற்கு வெளியிடும் கரியமிலவாயு சராசரி இரண்டு டன், அமெரிக்கன் ஒருவனோ பதினான்கு டன்னுக்குக் குறையாமல் வெளியிடுகிறான். பெரிய ஆலைகளையும் பெரிய தேசங்களையும் விட்டுவிட்டு, விடுதியில் சோறு தின்னும் எங்களிடம் வந்து விசிறியை அணை என்று சொல்வது நியாயமா?" என்றார். கூடியிருந்தோர் கைதட்டினர். நாமும் தட்டினோம், கேள்வி நியாயமானதே. தனிமனிதர் வழக்கத்தால்மட்டும் பூமியின் வெப்பம் தணிந்துவிடும் என்று எவரேனும் உங்களிடம் சொன்னால் நம்பவேண்டா. மின்சாரம் எதனால் உண்டாக்கப்படுகிறது, பஸ் எத்தனை ஓடுகிறது, ஆலைக்கழிவு எங்கே விடப்படுகிறது என்பவற்றைச் சட்டமும் அரசாங்கமும் முதலாளிகளுமே தீர்மானிக்கின்றனர். அப்பெரும் பொறுப்பை ஏழை மாணாக்கன் தலையில் ஏற்றுதல் அக்கிரமம்.

ஆயினும் அவருக்கு இரண்டு விடைகள் சொன்னோம். முதலாவது, இந்த விடுதிக் கிணறு அமெரிக்கனுடையதன்று. இங்கே நாம் எறியும் குப்பை கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போகும். பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின்மேலேயே பல்லாண்டுகளாக வளர்ந்தது. அச்சதுப்புநிலம் 2022-ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவமுடைய ராம்ஸார் நிலங்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. தென்சென்னையின் வெள்ளத்தை உறிஞ்சிக்கொள்ள வேண்டிய இடம் அது. அங்கே குப்பை கொட்டிய பலன் வெள்ளமாக நம்மவர் வீட்டிற்கே திரும்பும்; குப்பைமேட்டருகே குடியிருக்கும் ஏழைகளோ அதன் புகையையும் நாற்றத்தையும் தினமும் சுமக்கின்றனர். இரண்டாவது, இன்று விடுதியிற் சோறு தின்னும் நீங்களே நாளை ஆலையைக் கட்டும் இஞ்சினீர். பஸ்ஸுக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரி. வீடு கட்டும் குடித்தனக்காரர். ஒழுகும் குழாயைக் காணாத கண், ஒழுகும் ஊர்க்குழாயையும் காணாது. அம்மாணாக்கர் இவ்விடையால் முழுத்திருப்தி அடைந்தாரென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் உட்கார்ந்துவிட்டார்.

இனி உணவைப்பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும்; ஏனெனில் அதில் குற்றவாளிகள் மாணாக்கர்களைக் காட்டிலும் பெரியவர்களாகிய நாமே. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று; உண்போர் கைக்கு எட்டிய உணவில் இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வீணான உணவு குப்பைமேட்டின் அடியில் காற்றின்றி அழுகும்போது மீதேன் என்னும் வாயு கிளம்புகின்றது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமிலவாயுவைக்காட்டிலும் இருபத்தேழு மடங்குக்குக் குறையாமல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நம் மெஸ்ஸில் ஒருவர் ஒரு வேளைக்கு ஐம்பது கிராம் சோறு, அஃதாவது இரண்டு கவளம், தட்டில் விட்டாரென்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றைம்பது பேருக்கு ஏழரைக் கிலோ. அரிசியாகக் கணக்கிட்டால் இரண்டரைக் கிலோ. ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியில் சுமார் 2,500 லிட்டர் நீர் செல்லும் என்பர். எனவே ஒரு வேளைக் கைகழுவலில் அரை டாங்கர் லாரிக்கு மேற்பட்ட நீர் போயிற்று. முன்சொன்ன ஏழு குழாய்களும் இதற்குமுன் எம்மாத்திரம்?

நமது சங்கத்தின் ஆண்டுவிழா விருந்தை நினைத்தால் நமக்கு நாணமாயிருக்கின்றது. இருபத்தொரு வகை பரிமாறினோம் என்று பத்திரிகையில் அச்சிட்டுப் பெருமை கொண்டோம். பந்தி முடிந்தபின் இலைகளை எடுத்த பெண்பிள்ளைகள், கைபடாத லட்டுகளையும் வடைகளையும் மூடைமூடையாகக் கட்டிப்போட்டதை எழுத ஒருவரும் இல்லை. தலைக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேறு. பாதி குடித்துப் பாதி வைத்த பாட்டில்கள் மேஜைதோறும் நின்றன. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டன. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்னும் இயக்கம் தொடங்கிற்று. சட்டம் ஒருபுறமிருக்க, கல்யாண வீட்டுப் பெருமை மற்றொருபுறம் இருக்கின்றது. "வேண்டாம்" என்று இலைமேல் கை மறித்தாலும், விரலிடுக்கின் வழியே ஊற்றிவிட்டுப் போவதே உபசாரமென்று நாம் பழகிவிட்டோம். கேட்டுப் போடுதல் உலோபமென்று எண்ணுகின்றோம். இதில் மாணாக்கர்கள் பெரியோரைத் திருத்தவேண்டியிருக்கின்றது. பரிமாறும் தொண்டர் படையில் எப்பொழுதும் நீங்களே நிற்பீர்கள். முதலில் பாதியளவு போட்டு, மறுமுறை கேட்டுப் போடுதல் உங்கள் கையில் இருக்கின்றது. எவரேனும் கோபித்துக்கொண்டால் நமது பெயரைச் சொல்லுங்கள்.

உடை, யாத்திரை, செல்போன் ஆகியவற்றை விரைவாகச் சொல்லி முடிப்போம். தாம்பரத்திற்கும் கடற்கரை ஸ்டேஷனுக்கும் இடையே 1931-ஆம் ஆண்டுமுதல் மின்சார ரயில் ஓடுகின்ற நகரம் இது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமிலவாயு உண்டாகும். ரயிலும் பஸ்ஸும் போகும் இடத்திற்குத் தனிவண்டி எதற்கு என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். இரவுநேரம் தனியே வரும் மாணவிகளுக்கு இதனை நாம் சொல்லவில்லை. அவர்களுக்குப் பத்திரமே முதன்மை. செல்போன் விஷயத்தில், அதன் ஆயுள் முழுவதிலும் உண்டாகும் கரியமிலவாயுவில் பெரும்பகுதி அதைச் செய்யும்போதே உண்டாகிவிடுகின்றது. ஆகையால் இரண்டாண்டில் மாற்றுவதை நாலாண்டில் மாற்றினால் அதுவே பெரிய லாபம். திரை உடைந்தால் ரிச்சி தெருவில் பழுதுபார்ப்போர் இருக்கின்றனர்.

உடையிலோ நமது நாட்டிலேயே கண்கூடான பாடம் உண்டு. ஒரு பருத்திச் சட்டைக்கு, செடி விளைவதுமுதல் கணக்கிட்டால், சுமார் 2,500 லிட்டர் நீர் வேண்டும். அதன்பின் சாயம் தோய்க்கவேண்டும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலாற்றில் கலந்தது. பாசனத்திற்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாயிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகள் அணையைத் திறக்கவேண்டா என்று வழக்காடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு அப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. பின்னர்க் கழிவுநீரை வெளிவிடாமற் சுத்திகரிக்கும் முறை ஏற்பட்டது. தீபாவளிக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று, நண்பன் அணிந்தான் என்பதற்காக ஒன்று என்று மலிவு பனியன்களை வாங்கும்போது அந்த ஆறு நினைவுக்கு வருமாயின் நல்லது.

இவ்விஷயத்தில் தமிழர்களாகிய நாம் மறந்துவிட்ட ஒருவரைப்பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. 1892-ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா அவர்கள் லண்டனில் கணக்குப் பரிசோதனை கற்றுப் பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்தார். 1929-இல் மகாத்மாவைச் சந்தித்தபின் மேனாட்டு உடையைக் களைந்து கதர் உடுத்திக் கிராமக் கைத்தொழிலுக்கே தம்மை ஒப்படைத்தார். சிறையில் இருந்தபோது அவர் எழுதிய நிலைத்த பொருளாதாரத்தைப்பற்றிய நூல் 1945-இல் வெளிவந்தது. இயற்கை தரும் செல்வத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, எண்ணெய், உலோகம் முதலியன தொட்டியிலுள்ள நீர்போல எடுக்க எடுக்கக் குறைவன. காடு, பயிர் முதலியன ஓடைநீர்போல ஆண்டுதோறும் வருவன. தொட்டியை நம்பி வாழும் தேசங்கள் தொட்டி குறையக் குறையச் சண்டையிடும் என்றும், ஓடையின் அளவறிந்து வாழ்வோர்க்கே சமாதானம் உண்டென்றும் அவர் கருதினார். கடைசிக் காலத்தில் மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்து, 1960 ஜனவரி 30-ந் தேதி காலமானார். பொருளாதாரம் படிக்கும் நமது மாணாக்கர்களிடம் இப்பெயரைக் கேட்டபோது மூவரே தெரியுமென்றனர். விடுதி வாசகசாலைக்கு அவர் நூலை வாங்கும்படி காரியதரிசி அவர்களை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கின்றோம். அவர் தலையசைப்பதைப் பார்க்கின்றோம், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நல்ல வழக்கம் ஒன்று கைவந்தவுடன் அதனோடு கூடவே ஒரு கர்வமும் வரும். தான் துணிப்பை கொண்டுபோகத் தொடங்கிய பத்தாம் நாள், பாலிதீன் பையில் ஊறுகாய் கொண்டுவந்த தோழனை எல்லார்முன்னும் இகழ்ந்த ஒரு மாணாக்கரை நாம் அறிவோம். அவ்வூறுகாயைத் தாயார் கட்டிக்கொடுத்த பை அது. அந்தப் பிள்ளை அன்றிரவு சாப்பிடவில்லை. நம்மோடு படிப்போரில் ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்து உடுத்துவோர் இருக்கின்றனர். பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடப்போர் இருக்கின்றனர். அவர்கள் உங்களிலெல்லாம் குறைவாகவே பூமிக்குப் பாரமாயிருக்கின்றனர். ஒரு பிரசங்கமும் அவர்களுக்கு வேண்டியதில்லை. அவர்கள்முன் மூங்கிற் பல்துலக்கியைக் காட்டிப் பெருமைகொள்ளுதல் அழகன்று.

மெஸ் மணி அடிக்கும் நேரமாயிற்று. சமையற்காரர் வாசலில் வந்து நிற்கிறார். இரண்டு காரியங்களை அறிவித்து நிறுத்துகின்றோம். இன்றுமுதல் மெஸ் கதவருகே ஒரு நோட்டுப்புத்தகம் தொங்கும். இரவுச் சாப்பாடு வேண்டாதவர்கள் மாலை ஐந்து மணிக்குள் தங்கள் அறை எண்ணை அதில் எழுதிவிட்டால், அவ்வளவு அரிசி குறைத்துப் போடப்படும். அதனால் மிஞ்சும் பணம் மெஸ் கட்டணத்திலேயே கழிக்கப்படுமென்று காரியதரிசி அவர்கள் சம்மதித்திருக்கிறார். 2003-ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்புத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது நாமே முன்னின்று வெட்டுவித்த குழி ஒன்று கொல்லைப்புறத்தில் இருக்கின்றது. இன்று காலை அதன் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். காய்ந்த சருகும், உடைந்த செங்கல்லும், ஒரு கிரிக்கெட் பந்தும் கிடந்தன. பல ஆண்டுகளாக அதை எட்டிப்பார்க்காத குற்றம் நம்முடையதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நாம் மண்வெட்டியோடு வருகின்றோம். ரப்பர் வாஷர் ஏழும் வாங்கி வருகின்றோம். குழாய் திருகத் தெரிந்தவர் இருவரும், குழியில் இறங்கக்கூடியவர் நால்வரும் சாப்பாட்டிற்குப் பின் நம்மிடம் அறை எண் சொல்லிவிட்டுப் போகலாம். பந்து யாருடையதென்றும் அப்பொழுது தெரிந்துகொள்ளலாம்.